மாநகராட்சிச் சொத்து மறுகட்டுமானத்துக்குப் போகும்போது குடிமக்கள் கண்காணிப்பது எப்படி?

சென்னையில் ஒரு பழைய வணிக வளாகத்தையோ சமுதாயக் கூடத்தையோ விளையாட்டுத் திடலையோ சுற்றித் தகர வேலி எழுந்த பிறகுதான் அங்கே ஏதோ மாறப்போகிறது என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவருகிறது. வேலி எழும் நாளுக்குள் மதிப்பீடு தயாராகி, மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, ஒப்பந்தப்புள்ளி முடிவாகி, பணி ஆணையும் பெரும்பாலும் கைமாறியிருக்கும். அதற்குப் பின் எழுப்பப்படும் கேள்விக்கு அதிகாரிகளால் பதில் சொல்ல முடியுமே தவிர, எதையும் மாற்றுவது கடினம். ஆகவே கண்காணிப்பு தீர்மானத்துக்கு முந்தைய வாரங்களிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் நிலம் யாருடையது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கொடுக்கப்படும் மனுக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைத் தவிர வேறெதையும் சாதிப்பதில்லை. தெரு, பூங்கா, சமுதாயக் கூடம், மாநகராட்சிக் கடைகள் ஆகியவை பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டப் பகுதிகள் பெரும்பாலும் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கீழ் வருகின்றன. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கப்பட்டு 2021-இல் பெயர் மாறிய அமைப்பு அது. கோயம்பேடு அங்காடி வளாகத்தை உருவாக்கியதும், பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவதும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஒரே தெருவில் இந்த மூன்று அமைப்புகளின் சொத்தும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் நகர நில அளவைப் பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். நில அளவை எண்ணும் பிளாக் எண்ணும் தெரிந்திருந்தால் போதும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூங்கா, விளையாட்டிடம் என்றால் இன்னொன்றையும் தேட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானம் செய்வோர் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு வந்த நிலம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்பது அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். திறந்தவெளிக்காகப் பெற்ற இடத்தில் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தால், அந்தப் பத்திரத்தின் நகலைவிட வலுவான ஆவணம் உங்களுக்கு வேறு கிடைக்காது.

அடுத்தது மாமன்றம். 200 வார்டுகளின் உறுப்பினர்களும் ரிப்பன் மாளிகையில் கூடும் மன்றக் கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது. உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அதைக் கேளுங்கள். குத்தகை, பராமரிப்பு ஒப்படைப்பு, கட்டணம், கட்டட இடிப்பு ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். அலுவலக நடையில் இரண்டு வரியில் அடங்கிவிடும் ஒரு பொருள், ஒரு பகுதியின் பிள்ளைகள் அடுத்த பல ஆண்டுகள் எங்கே விளையாடுவார்கள் என்பதையே தீர்மானித்துவிடலாம்.

இது மிகையான கூற்று அல்ல. 2024 அக்டோபரில், மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வசூலிக்க வழிசெய்யும் தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியது. செய்தி வெளியானதும் விளையாட்டு வீரர்களும் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டு, திடல்களை இலவசமாகவே பயன்படுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது. வடசென்னையில் கால்பந்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை அறிந்த எவரும் அந்த எதிர்ப்பை எதிர்பார்த்திருக்க முடியும். நம்மைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது வேறு: திடல்களைப் பயன்படுத்துவோரிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டிருந்தால் அந்தத் தீர்மானமே தேவைப்பட்டிருக்காது. மன்றம் தவறாக முடிவெடுத்தாலும் திருத்திக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர்கள் அங்கே இருந்ததுதான். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2019-இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் போன்ற பெரும் பணிகள் அந்த இடைவெளியில்தான் முடிந்தன. அவற்றின் தரம் எப்படியிருந்தாலும், மக்கள் சார்பில் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஒருவரும் இல்லாமல் ஒரு நகரம் மாற்றியமைக்கப்படுவதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

வார்டு அளவில், ஏரியா சபை என்று பலரும் குறிப்பிடும் பகுதி சபைக் கூட்டம் உங்களுக்கு உரிய இடம். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இது 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாக நடந்தது. குப்பையும் தெருவிளக்கும் கூட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், சொத்து தொடர்பான உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொண்டுசென்று, அது கூட்டக் குறிப்பில் பதிவாவதை அங்கேயே உறுதிசெய்யுங்கள். மனுவில் சட்டப் பிரிவைக் குறிப்பிட விரும்புவோர், 1919-ஆம் ஆண்டின் பழைய மாநகராட்சிச் சட்டத்தை மேற்கோள் காட்ட வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமே நடைமுறையில் உள்ளது.

ஆவணங்களைப் பெறுவதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்களின் கடமை.

விண்ணப்பத்தில் ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத் தருமே ஒழிய, அதிகாரியின் விளக்கத்தை அல்ல. "இன்ன தேதியிட்ட மாமன்றத் தீர்மானத்தின் நகல், நிர்வாக அனுமதியின் நகல், விரிவான மதிப்பீடு, ஒப்பந்தத்தின் அனைத்துப் பக்கங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சிக் கடைகள் குறித்து அறிய விரும்பினால், குத்தகைதாரர் பட்டியலுடன் கடந்த மூன்று ஆண்டுகளின் கேட்பு (வர வேண்டிய வாடகை), வசூல், நிலுவை விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள். வாடகை பல ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் இருக்கிறதா, ஒருவர் பெயரில் எடுத்த கடையை வேறொருவர் நடத்துகிறாரா, பூட்டியே கிடக்கும் கடைகள் எத்தனை என்பவை அந்த ஒரு பதிவேட்டிலிருந்தும் ஒருநாள் நேரில் நடந்து பார்ப்பதிலிருந்தும் தெரிந்துவிடும். வளாகம் நட்டத்தில் ஓடுகிறது, எனவே இடிக்க வேண்டும் என்ற வாதம் வரும்போது, நட்டத்துக்குக் காரணம் கட்டடமா நிர்வாகமா என்று கேட்பதற்கு இதுவே அடிப்படை.

இடிக்கப்படும் இடத்தில் வாழ்வோரும் பிழைப்போரும் இருந்தால் அவர்களின் பட்டியல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கட்டடம் காலியாவதற்கு முன், யார் எந்த எண்ணில் இருந்தார்கள், எத்தனை சதுர அடி, இடைக்காலத்தில் எங்கே இருப்பார்கள், கருணைத் தொகை எவ்வளவு, புதிய கட்டடத்தில் இடம்பெற அவர்கள் செலுத்த வேண்டிய பங்களிப்புத் தொகை உண்டா என்பவை எழுத்தில் கையொப்பத்துடன் கிடைக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி வீட்டையோ கடையையோ காலிசெய்ய வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதால், இடமாற்றப் பேச்சை அந்தக் குழுவின் முன் வைக்கும்படி கோரலாம்.

கட்டுமானம் தொடங்கியதும் பலரும் ஓய்ந்துவிடுகிறார்கள். புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் 2021-இல் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததும், அதன்பின் சென்னை ஐஐடி நிபுணர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டதும் மறந்துவிடக் கூடாத பாடம். அங்கே குறை வெளிப்பட்டபோது கட்டடங்கள் எழும்பி முடிந்திருந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவைப் படியுங்கள்: ஆவணங்களோடு பணியையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. பணி நடக்கும்போதே இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் தரச் சோதனை அறிக்கைகளையும் கேட்டு வாங்கி, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

முறைகேடு இருப்பதற்கு ஆவணச் சான்று கிடைத்தால், உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பதற்கென்றே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான முறைமன்ற நடுவத்தை அணுகலாம். நீதிமன்றம் செல்வது அதற்கும் பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

திறப்பு விழா முடிந்த பின் ஒப்பந்தத்தை மீண்டும் எடுத்து, குறைகளை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகக் குடியிருப்போரும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு தளமாகச் சென்று நீர்க்கசிவு, விரிசல், மின்தூக்கி, தீயணைப்பு ஏற்பாடு ஆகியவற்றைப் படத்துடன் பதிவுசெய்து, மண்டல அலுவலகத்தில் ஒப்புகையுடன் கொடுங்கள். காலம் கடந்துவிட்டால் அதே விரிசலை அடைக்கும் செலவு நம் சொத்து வரியிலிருந்துதான் போகும்.