மேல்காற்றுக்கும் வாடைக்கும் கோழிக்கொட்டிலை ஆயத்தம் செய்தல்

நெல்லைச் சீமையில் புறக்கடைக் கோழிக்குக் குளிரால் வரும் கேடு குறைவு. ஈரத்தாலும், ஈரத்தோடு சேர்ந்து வீசும் காற்றாலும் வரும் கேடே மிகுதி. பாளையங்கோட்டையில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. 41 பாகை அளவுக்கு உடற்சூடும் நல்ல இறகும் உடைய வளர்ந்த கோழிக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே அன்று. ஆனால் இறகு நனைந்துவிட்டால், அதனிடையே அடைபட்டிருந்து உடற்சூட்டைக் காத்துவந்த காற்று வெளியேறிவிடுகிறது. அந்த நிலையில் இரவு முழுவதும் காற்றும் அடித்தால், விடியும்போது கோழி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு தூங்கி வழியும். ஆகவே வேலி, கூரை, தரை ஆகிய மூன்றையும் ஈரத்தை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

முதலில் காற்றின் திசையைக் கணக்கில் கொள்ளுங்கள். வைகாசிக் கடைசியில் தொடங்கும் மேல்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே புகுந்து புரட்டாசி வரை வீசுகிறது. பணகுடி, இராதாபுரம், கயத்தாறு பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதன் வலிமைக்குச் சான்று. தென்காசி, குற்றாலம் பக்கத்தில் அது சாரலோடு வரும். கிழக்கே செல்லச் செல்ல வெறும் புழுதியோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையும், அதன் பின் வாடையும் பனியும் வரும். இரண்டு காற்றையும் ஒரே கொட்டில் தாங்க வேண்டுமென்றால், அதன் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருப்பதே நல்லது. அப்போது மேல்காற்று குறுகிய பக்கத்தில் மட்டுமே மோதும். உச்சி வெயிலும் உள்ளே புகாது. மேற்குப் பக்கச் சுவரை மண்ணாலோ செங்கல்லாலோ கூரை வரை முழுதாக எழுப்பிவிடலாம். தெற்கிலும் வடக்கிலும் ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டுச்சுவரும், அதற்குமேல் கம்பிவலையும் போதும். வடக்கு இறவாரம் மட்டும் சுவரைவிட்டு மூன்று அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

கோழிகள் பகலில் மேயும் வேலிப்பரப்புக்கு முழுச்சுவர் ஏற்றதன்று. துளையில்லாத தகரத்தையோ பாலித்தீன் தாளையோ மேற்கே கட்டினால், காற்று அதன்மேல் ஏறித் தாண்டி, அடுத்த சில அடிகளில் சுழன்று கீழே இறங்கும். புழுதியும் உமியும் கோழிகளின் கண்ணில் விழுவது அந்தச் சுழலால்தான். பாதிக் காற்றை விட்டு மீதியைத் தடுக்கும் தடுப்பே வேகத்தைத் தணிக்கும். கடைகளில் 50 விழுக்காடு என்று கேட்டால் கிடைக்கும் பச்சை நிழல்வலை இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. விரலிடை இடைவெளி விட்டு முடைந்த பனையோலைத் தட்டியும் அதே வேலையைச் செய்யும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்தார் வலைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். இவ்வகைத் தடுப்பு தன் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தொலைவு வரை காற்றைத் தணிக்கும். ஆறடி வலைக்குப் பின்னால் முப்பதடிக்குள் கொட்டில் இருந்தால் முழுப் பயனும் கிடைக்கும். வலை காற்றை வாங்கி இழுக்கும்போது சுமை முழுவதும் தூணுக்கே போகிறது. எனவே கல்லுக்காலோ வைரம் பாய்ந்த பனஞ்சட்டமோ இரண்டடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். சவுக்குக் கம்பை அப்படியே ஊன்றினால் அடுத்த ஆடிக்குள் கரையான் தின்று முடித்திருக்கும். உயிர்வேலி வைக்க விரும்புவோர் கிளுவையையும் ஆடாதோடையையும் நடலாம். கொட்டிலை ஒட்டி முருங்கையை மட்டும் வைக்காதீர்கள். மேல்காற்றில் முதலில் ஒடிவது அதன் கிளைதான்.

மழைக்காலத்துப் படுதாவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதல் ஆண்டுக் கார்த்திகையில் வலையெங்கும் தார்ப்பாயை மேலிருந்து தரை வரை தொங்கவிட்டு, இண்டு இடுக்கு விடாமல் கட்டினேன். பத்து நாளில் கோழிகள் மூக்கொழுகி, இரவில் கர் கர் என்று இழுத்தன. காரணம் குளிரன்று. கோழிகள் மூச்சில் விடும் ஈரமும், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டன. படுதாவின் கீழ் ஓரத்தைக் கட்டுச்சுவரோடு நிலையாகப் பிணைத்து, மேல் ஓரத்தைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி அமைப்பதே சரியான முறை. அப்போது கோழிகள் அமர்ந்திருக்கும் உயரம் வரை காற்று தடைபடும். அவற்றின் தலைக்குமேல், கூரையை ஒட்டி, ஓரடி இடைவெளி எப்போதும் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் சாரல் புகாமல் காப்பது நீண்ட இறவாரத்தின் வேலை. கோழிகள் இரவில் ஏறி அமரும் கம்பு, படுதாவின் மேல் ஓரத்துக்கு ஓரடியாவது தாழ்ந்திருக்க வேண்டும்; ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் வரை இடம் விடுங்கள். அமைத்து முடித்ததும், அதிகாலையில் உள்ளே சென்று கோழியின் உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் படுதாவை இன்னும் இறக்குங்கள்.

ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, தகரம் பறக்கும். கூரையின்மேல் வேகமாக ஓடும் காற்று மேலே அழுத்தத்தைக் குறைக்கிறது; திறந்த பக்கத்தின் வழியே உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது; இரண்டும் சேர்ந்து தகரத்தை ஆணியோடு பிடுங்குகின்றன. மேலே கல்லை அடுக்கி வைப்பது காவலாகாது. தகரம் எழும்பினால் கல் கோழியின்மேல்தான் விழும். தகரத்தை ஜே போல்ட்டால், அதாவது அடியில் கொக்கிபோல் வளைந்த திருகாணியால், சட்டத்தோடு இறுக்க வேண்டும். சட்டத்தைத் தூணோடும், தூணைத் தரையோடும் கம்பி கொண்டு பிணைக்க வேண்டும். தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரம் மேற்கைப் பார்த்திராமல், மேற்குத் தகரம் கிழக்குத் தகரத்தின்மேல் படியுமாறு வேயுங்கள். கீற்றுக் கூரையாக இருந்தால், பழைய மீன்வலை ஒன்றை மேலே விரித்து நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டிவிட்டால் ஓலை கலையாது. இதையெல்லாம் சித்திரையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இனித் தரையைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரு நாள் கணக்கிலேயே 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, எந்தக் கொட்டிலும் தப்பவில்லை; அத்தகைய வெள்ளத்துக்குக் கோழியைப் பஞ்சாரத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது ஒன்றே வழி. வழக்கமான அடைமழைக்கு, சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடி உயர்ந்த மேடையும், இறவாரத் தண்ணீர் விழும் கோட்டில் ஒரு சாண் அகல ஓடையும் போதும். தேரிமணல் உள்ள ஊர்களில் தண்ணீர் தானே வடிந்துவிடும். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலோ வேலிப்பரப்பு முழுவதும் சேறாகிக் கோழியின் காலில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அங்கே மழைக்குமுன் நான்கு அங்குலத்துக்கு ஆற்றுமணலோ செங்கல் பொடியோ பரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

உள்ளே விரிக்க நெல் உமியே சிறந்தது. கார் அறுவடை முடிந்து ஆலைகளில் புது உமி மலிந்திருக்கும் நேரமும், வடகிழக்கு மழைக்கு முந்திய நேரமும் ஒன்றாக வருவது நமக்குக் கிடைத்த வசதி. அப்போதே மழைக்காலம் முழுமைக்கும் வேண்டிய உமியை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். பழைய கூளத்தை வழித்தெடுத்து, தரையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவி, அதன்மேல் நான்கு அங்குலம் உமி பரப்ப வேண்டும். நீற்றாத சுண்ணாம்பு கோழியின் காலைப் பொத்துப்போகச் செய்யும். கூளத்தை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்த்தால் அதன் நிலை தெரியும்: விரித்ததும் உதிர்ந்தால் நலம், உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. எச்சத்தோடு விழுந்த ரத்தக்கழிச்சல் கிருமி அந்த ஈரத்தில்தான் தொற்றும் வலிமை பெற்றுக் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகிறது. தண்ணீர்த் தட்டின் அடியில் ஒரு பலகையை வைத்து, நனைந்த உமியை அன்றன்றே அள்ளி, மற்றக் கூளத்தை வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். வெளியே ஒரு மூலையில், மழை படாத இடத்தில், மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வைத்தால் கோழிகள் அதில் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும்.

இத்தனை நேரம் குளிரைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது வளர்ந்த கோழிக்கே. குஞ்சுக்கு அது பொருந்தாது. தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 பாகை வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்இடி விளக்கு வெளிச்சம்தான் தரும், போதிய சூடு தராது. பழைய குண்டு பல்பைத் தேடி வாங்க வேண்டும். தடுப்பை வட்டமாக அமையுங்கள்; மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறும். மின்சாரம் நின்ற இரவில் கரித்துண்டுக் கனலைச் சட்டியில் வைப்போர், மேலே காற்று போகும் வழி திறந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் புகையில்லாக் கனலிலும் உயிரைக் கொல்லும் நச்சுக்காற்று உண்டு. ஐப்பசியில் அடைவைக்காமல் தைக்குத் தள்ளிவிடுவது இந்த வேலை அனைத்தையும் மிச்சப்படுத்தும்.

தீவனத்தைச் சுவரோரம் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் ஈரம் கண்டால் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். காரணம் தெரியாமல் அடுத்தடுத்து இரண்டு கோழிகள் செத்தால், புதைப்பதற்குமுன் ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நெல்லையைச் சுற்றியுள்ளோருக்கு இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தகரத்தின் அடிப்பக்கத்தில் விடியற்காலையில் முத்து முத்தாகக் கோத்து நின்று சொட்டுவது அந்தப் பனிக்காலத்து ஈரமே. தகரத்தின்மேல் தென்னங்கீற்றை ஒரு வரிசை வேய்ந்துவிட்டால் அது நின்றுவிடும். மாசி கழிந்ததும் படுதாவை அவிழ்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, எலிக்கு எட்டாமல் பரணில் சுருட்டி வையுங்கள். பங்குனி வெயிலுக்கு வலை திறந்தே இருக்கட்டும்.