அளவுக்கு மீறிய கார்டை எந்த இடத்தில் குறைப்பது? ஹார்த்ஸ்டோன் தரும் பாடங்கள்

டிஜிட்டல் கார்டு விளையாட்டில் ஒரு கார்டு அளவுக்கு மீறி வலுத்துவிட்டது என்ற புகார் எழுந்தவுடன், அதை ஆடத் தேவைப்படும் மானா என்ற சக்திச் செலவை ஒன்று கூட்டிவிட்டால் போதும் என்று வடிவமைப்பாளர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் செலவு, தாக்குதல், உயிர், கார்டின் வாசகம் ஆகிய நான்கில் எது அந்தக் கார்டை வெல்ல முடியாததாக ஆக்குகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் தொடுவதே சரியான முறை. 2014இல் வெளியான ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டின் மாற்றங்களைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

முதலில் புள்ளிவிவரத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். ஒரு கார்டை ஆடியவர்கள் எத்தனை ஆட்டங்களில் வென்றார்கள் என்ற கணக்கு ஏமாற்றக்கூடியது. பத்து மானா கார்டை ஆடும் அளவுக்குத் தாக்குப்பிடித்தவர் ஏற்கெனவே நல்ல நிலையில்தான் இருந்திருப்பார். அதற்குப் பதிலாக, அந்தக் கார்டு தொடக்கக் கையில் இருந்த ஆட்டங்களின் வெற்றி விகிதத்தை அதே டெக்கின் (ஆட்டத்துக்கெனத் தேர்ந்த கார்டுக் கட்டின்) சராசரியோடு ஒப்பிடுங்கள். வலுவான டெக்கில் இடம்பெற்றதாலேயே நல்ல எண்களைக் காட்டும் சாதாரண கார்டுகளும் உண்டு என்பதால், அந்தக் கார்டு இல்லாமல் ஆடப்படும் அதே வகை டெக்குகளையும் பார்க்க வேண்டும். உயர்நிலை ஆட்டக்காரர்களின் தரவையும் புதியவர்களின் தரவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

அடுத்து, எதைத் தொடுவது என்ற கேள்வி. ஸ்மால்-டைம் புக்கனீர் ஒரு மானாவுக்கு ஒரு தாக்குதலும் இரண்டு உயிரும் கொண்ட கடற்கொள்ளையர் கார்டாக வந்தது. ஆட்டக்காரரின் ஹீரோ ஆயுதம் ஏந்தியிருந்தால் அதன் தாக்குதல் இரண்டு கூடும். அப்போது முதல் சுற்றில் அதை இறக்கினால் பேட்சஸ் என்ற இன்னொரு கடற்கொள்ளையர் கார்டும் டெக்கிலிருந்து தானாக வந்து குதித்து உடனே அடிக்கும். அடுத்த சுற்றில் ஆயுதம் ஏந்தினால் புக்கனீரின் அடி மூன்று. 2017இல் குறைத்தது உயிரில் ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் அந்த ஒரு புள்ளியால், மேஜ், ரோக், ட்ரூயிட் ஆகிய ஹீரோ வகையினர் கார்டு எதையும் செலவழிக்காமல், சுற்றுதோறும் பயன்படுத்தக்கூடிய தங்கள் ஹீரோ பவர் திறனின் ஒரு புள்ளி அடியைக் கொண்டே அதைக் கொல்ல முடிந்தது. செலவும் வாசகமும் அப்படியே இருந்தன. மற்றவர்களின் வழக்கமான அடி எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணை ஒட்டிக் குறைப்பதே பயன் தரும். ஏழு உயிரை ஆறாக்குவதால் பல நேரங்களில் ஒன்றும் நடக்காது.

செலவைக் கூட்டும்போது சிறிய எண்களில் மிகுந்த கவனம் தேவை. ஏழு மானாவை எட்டாக்குவதும் இரண்டை மூன்றாக்குவதும் ஒன்றல்ல. பின்னதில் விலை பாதி மடங்கு ஏறிவிடுகிறது. ஸ்டார்விங் பஸ்ஸர்ட் இதற்குக் கசப்பான சான்று. ஒவ்வொரு விலங்கு மினியன் (களத்தில் நின்று சண்டையிடும் கார்டு) இறங்கும்போதும் ஒரு கார்டு எடுத்துத்தரும் அது, எதிரியின் மினியன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேட்டை நாய்களை இறக்கும் அன்லீஷ் த ஹவுண்ட்ஸோடு சேர்ந்து ஐந்து மானாவில் கைநிறையக் கார்டுகளைத் தந்தது. 2014 செப்டம்பரில் அதன் செலவை இரண்டிலிருந்து ஐந்தாக்கினார்கள். கூட்டுக்கணக்கு எட்டு மானா ஆனது, கார்டும் ஏறக்குறைய வழக்கொழிந்தது. மூன்றோ நான்கோ ஆக்கிப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சிக்கல் ஒரு கார்டில் இல்லாமல் இரண்டின் சேர்க்கையில் இருந்தால் வேலை கடினமாகும். வார்சாங் கமாண்டர், மூன்றோ அதற்குக் குறைவோ தாக்குதல் கொண்ட மினியன்களை இறங்கிய உடனேயே தாக்க அனுமதித்தது. அடிபட்டுப் பிழைத்தால் தன்னைப்போல் இன்னொன்றை உருவாக்கும் கிரிம் பேட்ரனோடு அது சேர்ந்தபோது ஆட்டம் ஒரே சுற்றில் முடிந்தது. வரம்பை இரண்டாக்கினால் போதாதா என்று கேட்கலாம். பேட்ரன் விலகும், ஆனால் இரண்டு தாக்குதலோடு இறங்கி அடிதோறும் வளரும் ஃப்ரோதிங் பெர்சர்க்கர் உள்ளேயே இருக்கும். இதனால்தான் 2015 அக்டோபரில் வாசகத்தையே மாற்றினார்கள். ஆயினும், ஏற்கெனவே சார்ஜ் (இறங்கிய உடனேயே தாக்கும் திறன்) உள்ள மினியன்களுக்கு ஒரு தாக்குதல் கூடும் என்ற புதிய வாசகம், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகவே முடிந்தது. வாசகத்தை மாற்ற நேர்ந்தால், அந்தக் கார்டை எதற்காக மக்கள் விரும்பினார்களோ அதில் ஒரு பகுதியாவது மிஞ்சும்படி எழுதுங்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரே விதி இல்லை. புதிய தொகுப்பு வந்ததும் ஆட்டக்காரர்கள் எதிர்டெக்குகளைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் தருவது பொதுவாக நல்லது. ஆனால் 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புதிய ஹீரோ வகை அறிமுகமானபோது, மறுநாளே அதன் கார்டுகளைக் குறைக்க வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் குறைத்தாலும் ஈடு தர வேண்டும். ஹார்த்ஸ்டோனில் லெஜண்டரி என்ற மிக அரிய கார்டு ஒன்றை உருவாக்க டஸ்ட் எனும் விளையாட்டு நாணயம் 1600 வேண்டும், உடைத்தால் 400 மட்டுமே கிடைக்கும். குறைக்கப்பட்ட கார்டுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம்வரை முழுத் தொகையும் திரும்பும்.

மாற்றம் வெளியான பின், முன்பு இரண்டாம் இடத்திலிருந்த டெக்கைக் கவனியுங்கள், ஏனெனில் அடுத்த புகார் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும். குறைத்த கார்டு எந்த டெக்கிலும் தென்படாமல் போனால், எடுத்த புள்ளியை அடுத்த பேட்ச்சில் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை. அண்மைத் தொகுப்புகளுக்கான ஸ்டாண்டர்ட் ஆட்ட முறையை விட்டு, பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் வைல்டுக்குப் போன கார்டுகள் சிலவற்றுக்கு ஹார்த்ஸ்டோன் குழு அப்படிச் செய்திருக்கிறது.