ஜெபக்கூட்டத்தில் ஒருவரையொருவர் திருத்துவது எப்படி?

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஒரு மாங்காய் சீசனில், கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு தங்கச்சி தனியாக வந்தாள். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து சொன்னாள்: "அக்கா, நேத்து எனக்காக ஜெபிக்கும்போது எங்க வீட்டுக் கடனையெல்லாம் சொல்லி ஜெபிச்சீங்க. இன்னிக்குக் காலையில பால் வாங்கப் போன இடத்துல ஒருத்தங்க என்கிட்டயே விசாரிக்கிறாங்க. ஆண்டவருக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே, அக்கா?"

"உனக்காகத்தானே ஜெபிச்சேன்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. இருபது வருஷமாக ஜெபம் என்ற பேரில் எத்தனை வீட்டுக் கதையை நடு வீட்டில் கொட்டியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எத்தனையோ உபவாசக் கூட்டத்தில் எனக்கு வராத உணர்வு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், சொல்லப் போகிறவர்களுக்கு. நீங்களே கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்று யோசியுங்கள். அடுத்தவர் சொல்லி வந்த விஷயம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. அந்தத் தங்கச்சி அதைத்தான் செய்தாள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனத்தைப் போட்டுவிட்டு, யாரைக் குத்துகிறதோ குத்தட்டும் என்று இருப்பது தனித்திருக்கையில் சொல்வது ஆகாது. நேரில் போங்கள். ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள், போன வருஷத்துக் கணக்கை இழுக்காதீர்கள். முடிந்தால் கேள்வியாகக் கேளுங்கள். தப்பு செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி எடுத்தவுடனே "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்லி, ராஜாவின் வாயாலேயே தீர்ப்பை வாங்கினான்.

இன்னொன்று. "கர்த்தர் எனக்கு உணர்த்தினார், உங்களிடம் சொல்லச் சொன்னார்" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்கிறவர் அதற்கு மேல் என்ன பேச முடியும்? உங்களுக்குப் பதில் சொன்னால் கர்த்தரையே எதிர்த்ததாக ஆகிவிடும். "எனக்கு இப்படிப் படுது, தப்பா இருந்தா சொல்லுங்க" என்றால் போதும்.

கேட்கிறவர்களின் வேலைதான் கஷ்டம், வளர்ச்சியும் அங்கேதான். அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். "யோசிக்கிறேம்மா" என்று மட்டும் சொல்லுங்கள், எனக்கு அன்று அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோபத்தில் நம் மனசு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடும். இரண்டே நாளில் 'அவள் என்னை வம்புக்காரி என்றாள்' என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்ன விதம் சரியில்லை என்று தோன்றினாலும் விஷயம் உண்மையா என்று மட்டும் பாருங்கள். உண்மை என்றால் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய், 'ஆனால்' போடாமல் மன்னிப்புக் கேளுங்கள். நான் நான்காம் நாள் போனேன். இரண்டு பேரும் அழுதோம்.

பகிரங்கமான தப்பைப் பகிரங்கமாகத்தான் சொல்ல வேண்டும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, பந்தியில் இருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே அவரைக் கேட்டார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு நம் சபைகளை நினைத்துப் பாருங்கள். அன்பின் விருந்தில் யார் சமைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு இலையில் உட்காராமல் எழுந்து போகிறவர்கள் இல்லையா? அங்கே பவுலைப் போல ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் அதே பவுல் "நமக்குப் பிரியமான சகோதரன்" என்றே வருகிறார்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளைத் தொந்தரவு செய்வது, பெண்ணை அடிப்பது, பணத்தைக் கையாடுவது போன்றவற்றுக்குத் தனியாகப் போய்ப் பேசும் முறை பொருந்தாது. போலீஸிடம் போங்கள். பிள்ளைகள் விஷயம் என்றால் 1098க்குப் போன் செய்யுங்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காதீர்கள்.

பெரியவர்களைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பக்கம் நினைக்கிறோம். ஆனால் 1895ல் கிருஷ்ணகிரிக்கு லுத்தரன் மிஷன் வந்தது. லூத்தர் 1529ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகம்தான் அந்தச் சபைகளின் பாடம். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்குப் பிறகும், 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்டே அது சொல்லிக் கொடுக்கிறது. சின்னப் பிள்ளையிலிருந்து அதைப் படித்த எனக்கே அடுப்படியில் ஒருத்தி வந்து கேட்டபோது கோபம் வந்தது.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யாருக்காகவாவது ஜெபிக்கும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்வோம். போன வாரம் என் மகன் விஷயமாக ஜெபிக்கச் சொன்னேன். அந்தத் தங்கச்சிதான் நடத்தினாள். கண்ணை மூடும் முன் என் பக்கம் குனிந்து, "எவ்வளவு சொல்லலாம், அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.