‘டிஸ்கஸ்’ வந்தால் ‘அபௌட்’ வராது: ஆங்கிலச் சொற்களுக்கு உரிய உருபைப் பிடிப்பது எப்படி?

முதல் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தில் ‘வி டிஸ்கஸ்டு அபௌட் த டிலே’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அந்த ‘அபௌட்’டை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. தாமதத்தைப் பற்றித்தானே பேசினோம், ‘பற்றி’க்கு ‘அபௌட்’தானே என்று அன்று முழுக்க மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாலையில் அகராதியைப் புரட்டினேன். ‘டிஸ்கஸ் த ப்ராப்ளம்’, ‘டிஸ்கஸ் த பிளான்’ என்று இருந்ததே தவிர, ஓர் எடுத்துக்காட்டில்கூட ‘அபௌட்’ இல்லை.

பிறகு பல ஆண்டுகளாக, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே, ‘அட்’ என்றால் ஓரிடத்தில் என்று பிரிபொசிஷனை, அதாவது ஆங்கில உருபை, தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். பெட்டி எங்கே, பேனா எங்கே என்று சொல்ல அது போதும். ‘டிபெண்ட் ஆன்’ என்னும்போது எதன் மேல் எது உட்கார்ந்திருக்கிறது? ‘டிபெண்ட்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குவது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லோடு வேறு உருபைச் சேர்ப்பார்கள். அதனால் ஆங்கிலம் பேசும்போது ‘டிபெண்ட் ஆஃப்’ என்று தவறுவார்கள். நாம் ‘பற்றி’யை இழுத்து வந்து ‘டிஸ்கஸ்’ஸோடு ஒட்டுவதும் இதே காரியம்தான்.

தமிழை நினைத்துப் பாருங்கள். அவனை நம்பினேன், அவனுக்கு உதவினேன், அவனோடு சண்டை போட்டேன், அவனிடம் கேட்டேன். புதிதாகத் தமிழ் படிக்கிறவர் ‘அவனை உதவினேன்’ என்றால் உடனே திருத்துவோம். ஏன் என்று கேட்டால், ‘உதவு’ என்றாலே ‘கு’தான் வரும் என்போம். அந்த வினை எந்த வேற்றுமை உருபைக் கேட்கும் என்பது வினையோடு சேர்ந்தே நமக்குள் இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்திலும் வினைச்சொல்லையும் அட்ஜெக்டிவையும் அப்படியே இறக்க வேண்டும். ‘வெயிட்’ என்று படிக்காதீர்கள். ‘வெயிட் ஃபார்’ என்று படியுங்கள், அது ஒரே சொல் என்பதுபோல.

ஒரு குறிப்பேடு போடுங்கள். இடது பக்கம் ஆங்கிலத் தொடர், வலது பக்கம் தமிழ் உருபு. ‘வெயிட் ஃபார் சம்ஒன்’ என்று எழுதி எதிரே ‘ஒருவருக்காக’ என்று எழுதினால் இரண்டும் பொருந்துகின்றன. இதற்கு உழைப்பு வேண்டாம், விட்டுவிடலாம். ‘மேரீட் டு சம்ஒன்’ என்று எழுதி எதிரே ‘ஒருவரோடு’ என்று எழுதினால் பொருந்தவில்லை. தமிழின் ‘ஓடு’தான் உங்களை ‘மேரீட் வித்’ என்று சொல்ல வைக்கிறது. இந்த மாதிரி வரிகளுக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். ‘லிசன் டு’ எதிரே ‘ஒன்றை’, ‘குட் அட்’ எதிரே ‘ஒன்றில்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ எதிரே ‘ஒன்றைக் கண்டு’ எல்லாம் சிவப்புதான். ஒரு மாதம் எழுதினால் சிவப்பு வரிகள் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரியும். பாடுபட வேண்டியது அவற்றோடு மட்டும்தான். (‘ஷீ இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்று எங்காவது படித்தால் குழம்ப வேண்டாம். அவர் மணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்பதுதான் அதன் பொருள்.)

இந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை உருபே வேண்டாத வினைகளுக்கு ஒதுக்குங்கள். நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான் என்பது என் அனுபவம். ‘டிஸ்கஸ்’, ‘ரீச்’, ‘என்டர்’, ‘ஆன்சர்’, ‘அப்ரோச்’, ‘காண்டாக்ட்’, ‘ரிக்வெஸ்ட்’ ஆகியவை நேராகப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். ‘ரீச்டு டு த ஸ்டேஷன்’ தவறு, ‘ரீச்டு த ஸ்டேஷன்’ சரி. குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் உருபு வந்துவிடுகிறது. ‘வி ரிக்வெஸ்டட் எ மீட்டிங்’ என்போம். ஆனால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் எ மீட்டிங்’. ‘ஆன்சர் த கொஸ்டின்’, ஆனால் ‘த ஆன்சர் டு த கொஸ்டின்’. ‘வி டிஸ்கஸ்டு த டிலே’, ஆனால் ‘எ டிஸ்கஷன் அபௌட் த டிலே’. என் மேலதிகாரி வட்டமிட்ட ‘அபௌட்’ அங்கே இருக்க வேண்டியது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எல்லா மாணவர்களுக்கும் தர ஆசைப்படுகிறேன்.

அட்ஜெக்டிவ்கள் இதைவிட இரக்கமுள்ளவை, ஏனென்றால் பொருள் ஒத்தவை பெரும்பாலும் ஒரே உருபை எடுக்கும். அச்சத்தைச் சொல்லும் ‘அஃப்ரெய்ட்’, ‘ஸ்கேர்டு’, ‘டெரிஃபைடு’ மூன்றுக்கும் ‘ஆஃப்’ பொருந்தும். திறமையைச் சொல்லும் ‘குட்’, ‘பேட்’, ‘பிரில்லியன்ட்’ மூன்றுக்கும் ‘அட்’. ஆகவே ‘ஐ ஆம் குட் இன் ஸ்விம்மிங்’ வேண்டாம், ‘குட் அட் ஸ்விம்மிங்’. அதே ‘குட்’ உடலுக்கு நல்லது என்னும்போது ‘குட் ஃபார்’, ஒருவரிடம் அன்பாக நடப்பதைச் சொல்ல ‘குட் டு’, குழந்தைகளைச் சமாளிக்கத் தெரிந்தவரைச் சொல்ல ‘குட் வித்’. ‘டயர்டு ஃப்ரம் த வாக்’ என்றால் நடந்த களைப்பு, ‘டயர்டு ஆஃப் வெயிட்டிங்’ என்றால் காத்திருந்து அலுத்துப்போன சலிப்பு. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ லத்தீனிலிருந்து வந்தவை. ஒப்பிடும்போது இவை ‘விட’ என்ற பொருள் தரும் ஆங்கில ‘தான்’ (than) கேட்காது, ‘டு’ கேட்கும்.

காதால் கேட்டே இதெல்லாம் படிந்துவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். ‘வெயிட் ஃபார் மீ’ என்று வேகமாகச் சொல்லும்போது ‘ஃபார்’ தேய்ந்து வெறும் ‘ஃப’ ஆகிவிடும். ‘லுக் அட் மீ’யில் ‘அட்’ இருந்த சுவடே தெரியாது. கேள்வியாக மாற்றினால் உருபு வாக்கியத்தின் கடைசிக்குப் போய் முழு ஒலியோடு நிற்கும்: ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’, ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’, ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ ஆகவே புதிதாக எழுதும் ஒவ்வொரு தொடரையும் ஒருமுறை கேள்வியாக்கி உரக்கச் சொல்லுங்கள். வாக்கியம் தலைகீழானாலும் ‘ஃபார்’ தன் வினையை விட்டுப் போகவில்லை என்பதை உங்கள் வாயே உணரும்.

உருபுக்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது ‘-இங்’ எடுக்கும். ‘இன்சிஸ்ட் ஆன் பேயிங்’, ‘சக்சீடு இன் ஃபைண்டிங்’. இதில் ‘டு’ மட்டும் ஏமாற்றும், ஏனென்றால் ‘டு கோ’, ‘டு ஈட்’ என்பதில் வருவது வேறு ‘டு’. எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால், அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ சரியாக வருகிறதா? அப்படியானால் அது பிரிபொசிஷன், எனவே ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘டு ஹியர்’ அல்ல.

ஒரே வினை உருபு மாறிப் பொருளும் மாறும் இடங்களை மட்டும் கையால் செய்து காட்டித்தான் கற்பிக்கிறேன். வகுப்பில் ஒரு காகிதத்தை உருண்டையாக்கி முதல் வரிசையில் இருப்பவரைப் பார்த்து, அவர் பிடிக்கும்படி மெதுவாகப் போட்டேன். ‘ஐ த்ரூ இட் டு யூ’. அதே உருண்டையை எடுத்து அவர் தோளைக் குறிவைத்து வீசினேன். ‘ஐ த்ரூ இட் அட் யூ’. முதலில் அவர் கை நீட்டினார், இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘டு’ பெறுபவரைக் காட்டும், ‘அட்’ இலக்கைக் காட்டும். தமிழிலும் ‘அவரிடம் எறிந்தேன்’, ‘அவர் மேல் எறிந்தேன்’ என்று பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? பிறகு கேட்டேன்: ‘ஷவுட் டு மீ’, ‘ஷவுட் அட் மீ’, எதில் நான் கோபத்துக்கு ஆளாகிறேன்? நான் விளக்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், ‘அட்’டில்தான் என்றார். ‘லாஃப் அட்’, ‘பாயிண்ட் அட்’, ‘ஸ்டேர் அட்’, ‘ஏம் அட்’ என்று மீதியையும் அவர்களே பலகையில் எழுதி முடித்தார்கள்.