தராசை வைத்து ஜாம் பதம் பார்ப்பது எப்படி?

ஸ்ட்ராபெரி ஜாம் தண்ணியாக ஓடுவதும், ரப்பர் மாதிரி இறுகிப்போவதும் பெரும்பாலும் அடுப்பை அணைக்கும் நேரத்தால்தான். அந்த நேரத்தைக் கண்ணால் கணிப்பது புதியவர்களுக்குக் கஷ்டம். தராசு இருந்தால் சுலபம்.

தேவையானவை: காம்பு நீக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மி.லி., 5 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு, அடி கனமான அகலப் பாத்திரம். எவர்சில்வர் நல்லது. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

1. வெறும் பாத்திரத்தைக் கரண்டியோடு நிறுத்து, எடையை எழுதி வையுங்கள்.

2. பழத்தை நறுக்கி, சர்க்கரையும் சாறும் கலந்து, மூடி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். சர்க்கரை கரைந்துவிடுவதால் அடிப்பிடிக்காது.

3. மேஷரால் லேசாக மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம்: காற்று புகுந்து நுரை தள்ளும், பழத்துண்டும் மிஞ்சாது.

4. பெரிய தீயில் கொதிக்கவிட்டுக் கிளறுங்கள். பொங்கி எழும்பும் என்பதால் பாத்திரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையக்கூடாது.

5. இதுதான் முக்கியம். பழத்தின் பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் இயற்கைப் பொருள்) இறுகிப் பிடிக்க, கலவையில் சுமார் 65 சதவீதம் கரைந்த திடப்பொருள் இருக்க வேண்டும். சர்க்கரை 750, பழத்திலிருந்து சுமார் 80, ஆக 830 கிராம். அதை 0.65 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,280. ஆரம்பத்தில் 1,810 கிராம் இருந்த கலவை 1,280 கிராமுக்கு வற்றினால் பதம் வந்துவிட்டது.

12 நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தராசின்மேல் மரப்பலகை வைத்து, அதை பூஜ்யமாக்கிவிட்டுப் பாத்திரத்தைக் கரண்டியோடு வையுங்கள். சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் தராசு கெட்டுவிடும். காட்டும் எடையிலிருந்து முதலில் எழுதி வைத்த வெறும் பாத்திர எடையைக் கழியுங்கள். மீதி 1,280 கிராமைவிட அதிகமாக இருந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுங்கள். கடைசி 100 கிராம் சட்டென்று வற்றும், கவனம்.

தெர்மாமீட்டர் இருந்தால் 104.5 டிகிரி செல்சியஸ் காட்டும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். மலைப்பகுதியில் அது 100க்குக் கீழேயே கொதிக்கும், உங்களுக்குக் காட்டும் எண்ணோடு 4.5 கூட்டிக்கொள்ள வேண்டும். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. எடைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதனால் தராசுக்குத்தான் என் ஓட்டு.

6. பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி பாட்டில்களில், ஜாம் சூடாக இருக்கும்போதே நிரப்புங்கள். மேலே 6 மி.மீ. இடம் விடுங்கள். விளிம்பில் ஒட்டிய பிசுபிசுப்பைத் துடைக்காவிட்டால் மூடி சரியாகப் பிடிக்காது. மூடியபின் பாட்டில்கள் முழுகும் கொதிநீரில் 10 நிமிடம். 1,800 மீட்டருக்கு மேல் 15 நிமிடம்.

பின்சேர்க்கை: "ஆறியும் கெட்டியாகவில்லை" என்று பலர் கேட்கிறார்கள். முழுதாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகும் தளர்வாக இருந்தால், ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துத் திரும்பக் கொதிக்கவையுங்கள்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு உதவாது. கலவையை அளவுக்கு மீறி வற்றவைக்க வேண்டிவரும், நிறம் கறுத்து பெக்டினும் சிதையும். குறைந்த சர்க்கரைக்கென்றே வரும் பெக்டின் பொடியை வாங்கி, அந்தப் பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் காய்ச்சினாலும் இதே கதிதான். இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.