வடசென்னையில் தூங்கானை மாடம் காணச் செல்வோருக்கு

விடுமுறையில் ஊருக்கு வரும் நம்மவர்களில் பலர் மயிலாப்பூரில் ஒரு நாளும் மாமல்லபுரத்தில் ஒரு நாளும் கழித்துவிட்டுத் தஞ்சைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். வடசென்னைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன். கருவறையின் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் அரைவட்டமாகவும் அமைந்து, பின்னாலிருந்து பார்ப்பவருக்குப் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போலத் தோன்றும் விமானத்தைத் தூங்கானை மாடம் என்பார்கள்; வடமொழியில் கஜபிருஷ்டம். சைத்தியங்கள் எனப்படும் பௌத்த வழிபாட்டுக் கூடங்களிலும் காணப்படும் இந்தத் தொன்மையான வடிவத்தை இப்பகுதியில் மூன்று பாடல் பெற்ற தலங்களில் பார்க்கலாம்.

முதலில் திருவொற்றியூர். மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயிலுக்குச் சிறிது தூரமே நடக்க வேண்டும். தியாகராசரையும் வடிவுடையம்மனையும் வணங்கியதும் திரும்பிவிடாமல், ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்புறம் சென்று சற்று நேரம் நில்லுங்கள். சுவர் எங்கும் மூலை திரும்பாமல், ஒவ்வொரு கல்லும் இம்மியளவு வளைத்துச் செதுக்கப்பட்டு அடுத்த கல்லோடு பொருந்தி, ஒரே ஓட்டமாகச் சுற்றி வருவதைக் காண்பீர்கள். முதலாம் இராசேந்திரன் (1014–1044) காலத்தில், ஒற்றியூர் மடத்தின் தலைவரான சதுரானன பண்டிதர் சொற்படி இவ்விமானத்தைக் கருங்கல்லில் எடுத்தவர் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு கூறுகிறது. கட்டிய தச்சனின் பெயர் நமக்குக் கிடைப்பது மிக அரிது என்பதால், அந்த இடத்தில் அவரை ஒரு கணம் நினைப்பது நம் கடமை என்றே கருதுகிறேன். கல்வெட்டுகளில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தைத் தேடுங்கள். அதன்பின் 'திருமன்னி வளர' என்று வந்தால் அது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவனது வெற்றிகளைப் புகழும் முன்னுரை. எழுத்துகளின் மேல் திருநீற்றையோ எண்ணெயையோ தடவாதீர்கள். சுந்தரர் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சத்தியம் செய்துகொடுத்த மகிழ மரம் இத்தலத்தின் தலமரம்; குழந்தைகளுக்கு அந்தக் கதையை அங்கேயே சொல்லுங்கள்.

மற்ற இரண்டு தலங்களான பாடி திருவலிதாயமும் திருமுல்லைவாயிலும் மேற்கே உள்ளன. திருமுல்லைவாயிலுக்கு மின்சார ரயிலிலேயே செல்லலாம்; மாசிலாமணீசுவரர் சந்நிதி முன் இரண்டு எருக்கந்தூண்களையும், இறைவனுக்கு முதுகு காட்டி நிற்கும் நந்தியையும் பார்க்கத் தவறாதீர்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி அளவில்தான் திறப்பார்கள் என்பதால், மூன்றையும் ஒரே காலையில் முடிக்க முயல வேண்டாம்.

செங்குன்றம் செல்லும் வழியில் புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இருக்கிறது. முதல் தீர்த்தங்கரரான அவரை, தோளில் புரளும் சடையையும் காளைச் சின்னத்தையும் கொண்டு அடையாளம் காண்பது வழக்கம். தோலால் ஆன பை, இடைவார் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். தொண்டை நாட்டில் சைவமும் சமணமும் அருகருகே வாழ்ந்ததை உணர இந்த ஒரு நாள் பயணமே போதும்.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் ஒற்றியூர்ப் புற்றுலிங்கத்தை அந்த மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றித் தரிசிக்க முடியும். வரிசை மிக நீளமாக இருக்கும் என்பதால், முதியவர்களை அழைத்து வருவோர் விடியற்காலையிலேயே போய் நின்றுவிடுவது நல்லது.