எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் கேஜ் தப்பாகக் காட்டுகிறதா? சென்சாரை மாற்றும் முன் மில்லிவோல்ட் பாருங்கள்

டீசல் டிரக்கில் எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் கேஜின் முள் அசையாமல் போனாலோ தாறுமாறாக ஆடினாலோ, பலரும் நேராகப் புது சென்சார் வாங்கப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கோளாறு ஒயர் இணைப்பில் இருக்கலாம், எர்த்தில் இருக்கலாம், கேஜிலேயே இருக்கலாம். எதில் என்பதை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சொல்லிவிடும்.

இங்கே சொல்வது பைரோமீட்டர் எனப்படும், தனியாக வாங்கிப் பொருத்தும் கேஜ்களுக்கு. அமெரிக்க டீசல் பிக்கப்களில் இவை அதிகம். இவற்றின் சென்சார் பெரும்பாலும் கே டைப் தெர்மோகப்பிள். நம்மூர் பி.எஸ். 6 லாரிகளில் கம்பெனியே பொருத்தி வரும் சென்சார் பெரும்பாலும் வேறு வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது

குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கம்பிகளை நுனியில் ஒன்றாகப் பற்றவைத்தால் அதுதான் கே டைப் தெர்மோகப்பிள். நுனி சூடாகி மறுமுனை குளிர்ச்சியாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும்: ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். மறுமுனை 0 டிகிரியில் இருந்தால், நுனி 100 டிகிரியில் 4.1 மில்லிவோல்ட், 500 டிகிரியில் 20.6 மில்லிவோல்ட், 700 டிகிரியில் 29.1 மில்லிவோல்ட் வரும். பேட்டரியிலிருந்து சப்ளை எடுக்கும் கேஜ், தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தையும் கணக்கில் கூட்டிக்கொண்டு முள்ளை நகர்த்துகிறது.

கவனிக்க வேண்டியது: சென்சாருக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பதில்லை. அந்த ஒயரில் 12 வோல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் கேஜ் வீணாகிவிடும்.

முதலில் முள் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இன்ஜின் சூடாக ஆக முள் கீழே இறங்கினால் ஒயர் மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது. சந்தேகமே வேண்டாம். குழியில் விழும்போது மட்டும் முள் துள்ளினால் இணைப்பு லூஸ், அல்லது ஒயருக்குள் கம்பி முறிந்திருக்கிறது. முள் முழுக்க மேலே போய் ஒட்டிக்கொண்டால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கலாம். சில கேஜ்கள் சென்சார் அறுந்ததைக் காட்டவே அப்படி வடிவமைக்கப்பட்டவை. முள் அசையவே இல்லை, கேஜ் விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸையும் எர்த்தையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, முள் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டே 50, 60 டிகிரி குறைத்துக் காட்டுவது. செத்துப்போன கேஜை டிரைவர் நம்பமாட்டார். இதை நம்பி மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார். டர்போவுக்கு முன்னால் 700 டிகிரிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், நீண்ட நேரம் ஓடினால் பிஸ்டனும் டர்போவும் சேதமாகும். குறைத்துக் காட்டுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: இடையில் சாதாரண காப்பர் ஒயர் போட்டு நீட்டியிருப்பார்கள், ஒயர் எங்கோ உரசி இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது புரோபின் (எக்ஸாஸ்ட் குழாய்க்குள் நீட்டியிருக்கும் சென்சார் குச்சியின்) நுனி புகை ஓடும் நடுப்பகுதிக்கு எட்டாமல் சுவரோரம் நிற்கும்.

காப்பர் ஒயர் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. தெர்மோகப்பிள் ஒயர் எங்கே முடிகிறதோ, அதுதான் கணக்கில் வரும் மறுமுனை. அது 90 டிகிரி சூட்டில் இன்ஜின் பக்கத்தில் முடிந்து, அங்கிருந்து கேபின் வரை காப்பர் போனால், கேஜ் கேபினின் 35 டிகிரியை மட்டுமே கூட்டும். 55 டிகிரி காணாமல் போய்விடும். நீட்ட வேண்டுமென்றால் கே டைப் ஒயரையே வாங்கி நீட்டுங்கள்.

தேவையானவை

மில்லிவோல்ட் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்னக் காந்தம், எமரி பேப்பர், ஸ்பேனர், துரு இளக்கும் ஸ்பிரே, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று, 10 கிலோ ஓம் மற்றும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, கொதிக்கும் தண்ணீர்.

படி 1: இணைப்புகள்

இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள்; டர்போவும் மேனிஃபோல்டும் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். புரோபிலிருந்து கேஜ் வரை ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். உருகிய இடம், உரசிய இடம், பின்னால் யாரோ ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் கையில் மாட்டும்.

புரோப் ஒயரும் கேஜ் ஒயரும் சேரும் இடத்தில் பெரும்பாலும் ரிங் டெர்மினல்களைச் சின்ன போல்ட் நட்டால் இறுக்கியிருப்பார்கள். கழற்றி எமரி பேப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரே உலோகத்தின் ரிங்குகள் இரண்டும் நேருக்கு நேர் தொட வேண்டும். நடுவில் வாசர் வரக்கூடாது. சாலிடர் வைக்க வேண்டாம், இன்ஜின் சூட்டில் இளகிவிடும்.

படி 2: பிளஸ் எது, மைனஸ் எது

வண்டி ஒயரிங்கில் சிவப்பு என்றால் பிளஸ் என்று கை பழகியிருக்கும். அமெரிக்க முறைக் கே டைப் ஒயரில் சிவப்புதான் மைனஸ், மஞ்சள் பிளஸ். சர்வதேச ஐ.இ.சி. முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நிறம் மங்கிவிட்டால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டுகிற கம்பி அலுமெல், அது மைனஸ். நிறத்தைவிட நான் காந்தத்தைத்தான் நம்புவேன்.

படி 3: புரோபை அளப்பது

புரோபின் இரண்டு ஒயரையும் கேஜ் ஒயரிலிருந்து பிரித்துவிட்டு ஓம் அளவில் பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறது. எல்லையற்ற தடை காட்டினால் அறுந்துவிட்டது. புரோபை மாற்றத்தான் வேண்டும். ஒயருக்கும் புரோபின் ஸ்டீல் உறைக்கும் இடையே தொடர்பு காட்டினால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். நுனியை உறையோடு சேர்த்துப் பற்றவைத்த வகை புரோபில் அது இயல்பு.

ஓம் சரியாக இருந்தாலும் புரோப் நல்லது என்று ஆகிவிடாது. இரண்டு கம்பியும் பாதி வழியில் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம் சரியாகவே காட்டும். அதனால் புரோபைக் கழற்றி நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். நுனி மட்டும் நனைந்தால் போதும். மல்டிமீட்டர் 200 மில்லிவோல்ட் டி.சி. அளவில் இருக்கட்டும். மீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரி என்றால் சுமார் 2.9 மில்லிவோல்ட் வர வேண்டும். 4.1 வரவில்லையே என்று பயப்படாதீர்கள்; அந்த 30 டிகிரிக்கான 1.2 மில்லிவோல்ட் கழிந்துதான் வரும். 2.7 முதல் 3.1 வரை வந்தால் புரோப் நல்லது. பூஜ்யத்திலேயே நின்றால் கம்பிகள் நுனிக்கு முன்பே தொட்டுக்கொண்டிருக்கின்றன. மைனஸ் குறியோடு 2.9 வந்தால் மல்டிமீட்டர் ஒயரை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒயரை அங்கங்கே வளைத்துக்கொண்டே அளந்தால் உள்முறிவும் தெரிந்துவிடும்.

கழற்றிய கையோடு நுனியைப் பாருங்கள். கரி தடிப்பாகப் படிந்திருந்தால் முள் தாமதமாக ஏறும், துடைத்தால் சரியாகிவிடும். நுனி அரித்தோ விரிசல் விட்டோ இருந்தால் அளவு சரியாக வந்தாலும் மாற்றிவிடுங்கள். டர்போவுக்கு முன்னால் இருக்கும் புரோப் உடைந்தால் துண்டு டர்பைனுக்குள்தான் போகும்.

படி 4: கேஜைச் சோதிப்பது

சப்ளை எடுக்கும் கேஜில், சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த கேஜின் இரண்டு முனைகளையும் ஒரு காப்பர் துண்டால் இணையுங்கள். சாவி போட்டதும் கேபின் வெப்பத்தைக் காட்ட வேண்டும்; அல்லது அளவுகோல் அதற்கு மேல் தொடங்கினால் முள் அடிமட்டத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து, செல்லின் பிளஸிலிருந்து 10 கிலோ ஓம், அதோடு வரிசையாக 100 ஓம், மறுமுனை செல்லின் மைனஸ். 100 ஓமின் இரு முனைகளில் சுமார் 14.9 மில்லிவோல்ட் கிடைக்கும். மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு, காப்பர் துண்டை எடுத்துவிட்டுக் கேஜுக்குக் கொடுங்கள். கேபின் 30 டிகிரி என்றால் முள் ஏறக்குறைய 390 டிகிரி, அதாவது 735 டிகிரி ஃபாரன்ஹீட் அருகே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சப்ளையையும் எர்த்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சரியென்றால் கோளாறு கேஜில். கனரக லாரியின் 24 வோல்ட்டில் 12 வோல்ட் கேஜை நேரடியாக மாட்டியிருந்தால் அது எரிந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சப்ளை இல்லாத பழைய கேஜ்களுக்கு இந்த ரெசிஸ்டர் சோதனை பொருந்தாது. அவை கூட வரும் ஒயரின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டவை. அந்த ஒயரை வெட்டிக் குட்டையாக்கினாலே அளவு மாறிவிடும்.

படி 5: திரும்பப் பொருத்துவது

பல புரோப்கள் எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரை ஃபிட்டிங்கில் உட்காரும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அது 260 டிகிரிக்கு மேல் தாங்காது. நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட்) கொஞ்சமாகத் தடவுங்கள். புரோப் நுனி குழாயின் நடுப்பகுதிக்கு வரும்படி வைத்து இறுக்குங்கள். ஒயர் மேனிஃபோல்டிலும் டர்போவிலும் படாதபடி, இன்ஜின் ஆட்டத்துக்குக் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் 150 முதல் 200 டிகிரி வரை காட்டும். ஃபிட்டிங் ஓரத்தில் கரி கசிந்தால் இறுக்கம் போதவில்லை.

பி.எஸ். 6 லாரிகளுக்கு

இவற்றில் பல சென்சார்கள் பிளாட்டினத் தடை வகை. 0 டிகிரியில் 200 ஓம் உள்ள சென்சார், ஆறிய நிலையில் 220 ஓம் அருகே காட்டும். சூடானால் தடை ஏறும். மில்லிவோல்ட் சோதனை இதற்கு உதவாது. ஸ்கேனரில் எஃப்.எம்.ஐ. (கோளாறு எந்த வகை என்று சொல்லும் எண்) 3 வந்தால் மின்னழுத்தம் அளவுக்கு மேல். சென்சார் சர்க்யூட்டில் பெரும்பாலும் ஒயர் அறுந்ததால் வருவது. எஃப்.எம்.ஐ. 4 என்றால் அளவுக்குக் கீழ்; ஒயர் உரசி எர்த்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். இந்த சென்சாரைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஓட்டக்கூடாது. டி.பி.எஃப். எனப்படும் கரி பிடிக்கும் ஃபில்டரின் சுத்திகரிப்பை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. இதை வைத்துத்தான் நடத்துகிறது. இது இல்லாவிட்டால் ஃபில்டரில் கரி அடைத்துக்கொண்டே போகும்.